ஒயாசிஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்: வித்த கணக்கை விட்டுட்டு பாட்டைப் பேசுவோம்

ஒயாசிஸ் ரசிகர்களே,

வணக்கம். நானும் உங்க கட்சிதான், அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ இருக்கறத பாதி படிச்சிட்டு இவன் 90-கள்ல நமக்குப் போட்டியா இருந்த பிளர் பேண்டோட ஆளுன்னு முடிவு பண்ணி நீங்க கிளம்பிடக் கூடாது. 1994-ல வந்த நம்ம ராக் பேண்டோட டெஃபனிட்லி மேபி ஆல்பத்துக்கு ஈடா அந்தக் காலத்து இங்கிலாந்துல இன்னொரு முதல் ஆல்பத்தை என்னால சொல்ல முடியாது, நம்ம பாடகர் லியாம் கேலகர் 94, 95-ல பாடின மாதிரி பிளரோட பாடகர் டேமன் ஆல்பர்னால என்னைக்குமே பாட முடியலன்னும் நம்புறேன். அதனாலதான் இந்த மடல். 2025-ல பாட்டெழுதி கிட்டார் வாசிக்கற நோயல், பாடகர் லியாம், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் திரும்ப ஒரே மேடையில ஏறினதுல இருந்து பிளர் பத்தி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னா போதும், நம்ம ஆளுங்க உடனே நம்பர் எடுத்து வீசுறாங்க. ஒயாசிஸோட ரெண்டாவது ஆல்பம் மார்னிங் குளோரி உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல வித்துச்சு, நெப்வொர்த் கச்சேரியில ரெண்டு ராத்திரியில 2.5 லட்சம் பேர் நின்னாங்க, டிக்கெட்டுக்கு 25 லட்சம் பேர் கேட்டாங்க, உங்க பிளருக்கு என்ன இருக்கு? இதோட பேச்சு முடிஞ்சுது. பாட்டைப் பத்தி ஒரு வரி கூட வராது.

இந்த வாதத்தை நாம கைவிடணும்னு கேட்டுக்கத்தான் எழுதுறேன். இது பிளருக்கு அநியாயம்ங்கறது ஒரு பக்கம். நம்ம பேண்டுக்கே இது அநியாயம்ங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது.

முதல்ல அந்த 1995 ஆகஸ்ட் வாரத்தை எடுத்துக்குவோம், ஏன்னா எல்லாரும் அங்க இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. ஆகஸ்ட் 14, திங்கக்கிழமை, பிளரோட கன்ட்ரி ஹவுஸ், ஒயாசிஸோட ரோல் வித் இட், ரெண்டு சிங்கிளும் ஒரே நாள்ல கடைக்கு வந்துச்சு. அது தற்செயல் இல்ல, பிளர் தரப்பு அவங்க தேதியை மாத்தி அதே நாளுக்குக் கொண்டு வந்தாங்க. என்எம்இ பத்திரிகை அட்டையில குத்துச்சண்டை போட்டி மாதிரி போட்டாங்க, டிவி செய்தியில வந்துச்சு, வடக்கு எதிர் தெற்கு, மான்செஸ்டர் தொழிலாளி வீட்டுப் பசங்க எதிர் லண்டன்ல ஆர்ட் காலேஜ் படிச்ச பசங்கன்னு பேசினாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேண்டோட ஒரு பாட்டு கூட வாங்காத ஆளுங்க கூட அந்த வாரம் ஏதோ ஒரு பக்கம் நின்னாங்க. ஞாயித்துக்கிழமை ரிசல்ட் வந்துச்சு. பிளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000. பிளருக்கு முதல் இடம்.

அப்போ நம்ம பக்கம் என்ன சொன்னாங்கன்னு ஞாபகப்படுத்திக்கோங்க. கன்ட்ரி ஹவுஸ் 1.99 பவுண்டு, ரோல் வித் இட் 3.99 பவுண்டு, விலையில பாதிதான், அப்புறம் எப்படி சமமான போட்டி ஆகும்னு கேட்டாங்க. பிளர் ரெண்டு சிடியா போட்டாங்க, ரெண்டுலயும் வேற வேற பி-சைடு (சிங்கிளோட பின்பக்கத்துல கூட வர்ற பாட்டு), அதனால தீவிர ரசிகன் ஒரே பாட்டை ரெண்டு தடவை வாங்கினான், அது எண்ணிக்கையில ரெண்டா விழுந்துச்சுன்னாங்க. நம்ம சிங்கிள் அட்டையில பார்கோட் பிரச்சனை, எல்லா விற்பனையும் பதிவாகலன்னு ஒயாசிஸோட ரெக்கார்டு கம்பெனி கிரியேஷன் சொல்லுச்சு. இதெல்லாம் நியாயமான வாதம்தான். ஒரு சிங்கிள் எத்தனை விக்கும்ங்கறதை விலை, எத்தனை வடிவத்துல போடுறாங்க, எந்தத் தேதியில போடுறாங்க, கடைக்கு சரக்கு போய்ச் சேர்ந்துச்சா, இதெல்லாம் சேர்ந்துதான் முடிவு பண்ணுது, பாட்டு எவ்ளோ நல்லா இருக்குங்கறது அதுல ஒரு பங்குதான், சில சமயம் ரொம்ப சின்னப் பங்கு.

ஆனா அதே ஆளுங்க ரெண்டு மாசத்துல மாறிட்டாங்க. அக்டோபர் 2-ந்தேதி மார்னிங் குளோரி வந்து முதல் வாரத்துலயே 3,47,000 போனதும், பாத்தீங்களா மக்கள் தீர்ப்புன்னு ஆரம்பிச்சாங்க. ஆகஸ்டுல நம்பர் பொய், அக்டோபர்ல நம்பர் உண்மை. பிளர் பக்கமும் இதே கதைதான், ஆகஸ்டுல நம்பர் ஒன்னுன்னு துள்ளினவங்க அடுத்த வருஷம் கலைக்கு எதுக்கு கணக்குன்னு பேச ஆரம்பிச்சாங்க. ஜெயிக்கும்போது மட்டும் தராசை நம்பறதுன்னா அது தராசே இல்ல.

அந்த ரெண்டு பாட்டையும் இன்னைக்கு உக்காந்து கேளுங்க. கன்ட்ரி ஹவுஸ், ஊருக்கு வெளியில பெரிய வீடு வாங்கிட்டுப் போன அவங்க பழைய ரெக்கார்டு கம்பெனி முதலாளி டேவிட் பால்ஃப் மேல எழுதின நையாண்டி, பிராஸ் எல்லாம் வச்சு ஒரே கொண்டாட்டமா இருக்கும், மூணாவது தடவை கேக்கும்போது களைப்பா இருக்கும். அதோட வீடியோவை கிட்டாரிஸ்ட் கிரஹாம் காக்ஸனுக்கே பிடிக்கல. ரோல் வித் இட்டும் நேரா அடிக்கிற ஒரு சாதாரண ராக் பாட்டுதான், மார்னிங் குளோரியில இருக்கற பாட்டை எல்லாம் தர வரிசையில வைக்கச் சொன்னா நான் அதை மேல் பாதியில வைக்க மாட்டேன். அந்த சிங்கிளோட பி-சைடுல ராக்கிங் சேர்னு ஒரு பாட்டு இருக்கு, ரோல் வித் இட்டை விட அது நல்ல பாட்டுன்னு எந்த ஒயாசிஸ் ரசிகன்கிட்டயும் நான் அடிச்சுச் சொல்லுவேன். நாடே பாத்த போட்டியில ரெண்டு பேண்டும் இறக்கினது அவங்களோட சுமாரான பாட்டைத்தான், நல்லது பின்பக்கத்துல யாரும் பேசாம கிடந்துச்சு.

பி-சைடு விஷயத்துல நம்ம பேண்டுக்கு நடந்த அநியாயத்தை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். அக்வியெஸ், சம் மைட் சே சிங்கிளோட பின்னாடி வந்த பாட்டு, லியாம் சரணத்தைப் பாட, கோரஸ்ல நோயல் மேல ஏறி வந்து பிடிக்கிறாரு, ரெண்டு குரலும் மாறுற அந்த இடத்துல எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலிர்க்கும். டாக் டுநைட்டும் அதே சிங்கிள்லதான், நோயல் தனியா ஒரு அகூஸ்டிக் கிட்டாரோட. ஹாஃப் த வர்ல்ட் அவே, வாட்எவர் சிங்கிளோட பி-சைடு. த மாஸ்டர்பிளான் வொண்டர்வாலோட பி-சைடு, அந்த ஸ்டிரிங்ஸ், அந்த மெதுவா விரியிற மெலடி, வேற எந்த பேண்டா இருந்தாலும் அதை வச்சே ஒரு ஆல்பத்தை விளம்பரம் பண்ணியிருப்பாங்க. இந்தப் பாட்டுக்கெல்லாம் சார்ட்ல, அதாவது விற்பனைத் தர வரிசையில, தனி எண்ணே கிடையாது, முன்பக்கப் பாட்டோட கணக்குல கரைஞ்சு போச்சு. 1998-ல எல்லாத்தையும் சேர்த்து த மாஸ்டர்பிளான்னு ஒரு தொகுப்பா போட்டப்பதான் பல பேருக்கு இப்படி ஒரு ஆல்பமே ஒளிஞ்சு இருந்துச்சுன்னு தெரிஞ்சுது. நம்பரை வச்சு நம்ம பேண்டை அளந்தா முதல்ல காணாம போறது இந்தப் பாட்டுங்கதான்.

சரி, அப்படியும் வித்த கணக்குதான் தரம்னு பிடிவாதமா சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. 1995-ல பிரிட்டன்ல அதிகமா வித்த சிங்கிள் எது? கன்ட்ரி ஹவுஸும் இல்ல, வொண்டர்வாலும் இல்ல. ராப்சன் கிரீன், ஜெரோம் ஃப்ளின்னு ரெண்டு டிவி நடிகர்கள், சோல்ஜர் சோல்ஜர்னு ஒரு சீரியல்ல பட்டாளத்துக்காரங்களா நடிச்சவங்க, அவங்க பாடின அன்செயின்டு மெலடிதான். அந்த சீரியல்ல அவங்க அதைப் பாடினது மக்களுக்குப் பிடிச்சுப் போச்சு, சைமன் கவெல் விடாம துரத்தி அவங்களை ரெக்கார்டு பண்ண வச்சாரு, ரெண்டாம் உலகப் போர் ஐரோப்பாவுல முடிஞ்சு 50 வருஷம் ஆன அதே மே மாசத்துல, ஒயிட் கிளிஃப்ஸ் ஆஃப் டோவரையும் சேர்த்து வெளியிட்டாங்க. பாட்டி தாத்தா, அம்மா அப்பான்னு வழக்கமா சிங்கிளே வாங்காத ஒரு கூட்டம் கடைக்குப் போச்சு. அந்த ரெண்டு பேரையும் நான் குறைச்சுப் பேசல, பிடிச்சவங்க வாங்கினாங்க, அதுல தப்பே இல்ல. ஆனா அந்த சிங்கிள்தான் பல்ப் பேண்டோட காமன் பீப்பிளை ரெண்டாவது இடத்துல நிறுத்துச்சு. அந்த வருஷக் கடைசியில அதே ரெண்டு பேரோட அடுத்த சிங்கிள்தான் நம்ம வொண்டர்வாலையும் ரெண்டாவது இடத்துலயே நிறுத்துச்சு. வொண்டர்வால் பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆகவே இல்லங்கறது நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? பிளரை அடிக்க நீங்க எடுக்கற அதே கம்பால ராப்சனும் ஜெரோமும் ஒயாசிஸை அடிக்கலாம், பல்பை அடிக்கலாம், உங்ககிட்ட பதில் இருக்காது.

அடுத்தது ஒயாசிஸோட மூணாவது ஆல்பம் பீ ஹியர் நவ். இதைப் பத்தி நாம மனசைத் திறந்து பேசியே ஆகணும். 1997 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை ரிலீஸ், சனிக்கிழமை கடை சாத்தறதுக்குள்ள 6,60,000-க்கு மேல போயிடுச்சு. பிரிட்டன்ல அவ்ளோ வேகமா வித்த ஆல்பம் அதுக்கு முன்னாடி கிடையாது, 2015-ல அடெல்லோட 25 ஆல்பம் வர்ற வரைக்கும், அதாவது 18 வருஷம், அந்த ரெக்கார்டு அப்படியே நின்னுச்சு. அப்போ கணக்குப்படி அதுதானே ஒயாசிஸோட உச்சம்? நம்மள்ல யாராவது அப்படி நினைக்கிறோமா? பாட்டெல்லாம் ஏழு நிமிஷம், ஒன்பது நிமிஷம்னு நீளுது, கிட்டார் மேல கிட்டார், அதுக்கு மேல இன்னும் கிட்டார்னு அடுக்கி வச்சு மெலடி எங்க இருக்குன்னே தெரியாத அளவுக்கு ஆக்கிட்டாங்க. நோயலே அந்த ஆல்பத்தைப் பத்தி நல்லபடியா பேசறது அபூர்வம். 2016-ல மறுபதிப்பு வந்தப்ப எல்லாத்தையும் புதுசா மிக்ஸ் பண்ணலாம்னு ஆரம்பிச்சு, ட்யூ நோ வாட் ஐ மீன் ஒன்னை மட்டும் பண்ணிட்டு நிறுத்திட்டாரு.

அப்போ அந்த மூணு நாள்ல கடை வாசல்ல கியூ நின்னவங்க எதுக்குக் காசு கொடுத்தாங்க? ஆல்பத்தை அவங்க இன்னும் முழுசா கேக்கவே இல்ல. அவங்க கொடுத்த காசு மார்னிங் குளோரிக்கு. நெப்வொர்த்துக்கு. லிவ் ஃபாரெவர் பாட்டுக்கு. முதல் வார விற்பனைங்கறது பெரும்பாலும் முந்தின ஆல்பத்தோட தரத்துக்குக் கிடைக்கிற கூலி, கூடவே இந்த ஆல்பத்துக்குப் பண்ண விளம்பரத்தோட அளவு, அவ்ளோதான். பிளருக்கும் இதேதான் நடந்துச்சு, 1994-ல பார்க்லைஃப் ஆல்பம் சம்பாதிச்சுக் கொடுத்த பேரை வச்சுத்தான் 1995-ல த கிரேட் எஸ்கேப் நேரா முதல் இடத்துக்குப் போச்சு. நம்ம ஊர்ல முதல் நாள் கலெக்‌ஷனை வச்சு படம் நல்லதா கெட்டதான்னு சண்டை போடுறோமே, படத்தைப் பாக்காதவன் முன்பதிவு பண்ணின காசு அது, அதே தப்புதான் இங்கயும்.

இன்னும் ஒன்னு சொல்றேன். ஒயாசிஸோட ஏழு ஸ்டுடியோ ஆல்பமும் பிரிட்டன்ல நம்பர் ஒன். ஏழுமே. டெஃபனிட்லி மேபியும் நம்பர் ஒன், 2000-ல வந்த ஸ்டாண்டிங் ஆன் த ஷோல்டர் ஆஃப் ஜயன்ட்ஸும் நம்பர் ஒன். இந்த ரெண்டும் ஒரே தரம்னு ஒருத்தராவது சொல்லுங்க பாப்போம். நம்ம வீட்டுக்குள்ள இருக்கற ஏழு ஆல்பத்தையே தரம் பிரிக்க உதவாத ஒரு அளவுகோலை எடுத்துட்டுப் போய் அடுத்த வீட்டு பேண்டை அளக்கறோம்.

கிரியேஷன் கம்பெனிக்குள்ளயே இதுக்கு இன்னொரு உதாரணம் இருக்கு. ஒயாசிஸ் வர்றதுக்கு முன்னாடி, 1991-ல ஆலன் மெக்கீ நடத்தின அதே கிரியேஷன்ல மை பிளடி வேலன்டைன்ங்கற பேண்டு லவ்லெஸ்னு ஒரு ஆல்பம் போட்டாங்க. மாசக்கணக்கில்ல, வருஷக்கணக்கா ஒவ்வொரு ஸ்டுடியோவா மாறி மாறி ரெக்கார்டு பண்ணி கம்பெனிய கிட்டத்தட்ட கவுக்கற நிலைக்குக் கொண்டு போச்சு அந்த ஆல்பம், சார்ட்ல 24-வது இடத்தோட நின்னுடுச்சு. அடுத்த வருஷம் சோனிக்கு கம்பெனில பாதிக்குப் பக்கத்துல வித்தாங்க, 1993-ல கிளாஸ்கோவுல கிங் டட்ஸ் கிளப்ல மெக்கீ ஒயாசிஸைப் பாத்தாரு, மிச்சம் உங்களுக்கே தெரியும். லவ்லெஸ்ஸும் பீ ஹியர் நவ்வும் ஒரே கம்பெனி சரக்கு. ஒன்னு 24-வது இடம், இன்னொன்னு வரலாற்று ரெக்கார்டு. அதுக்கப்புறம் கிட்டாரை எடுத்த பசங்க எதைக் கேட்டு சத்தம் எழுப்பக் கத்துக்கிட்டாங்கன்னு பாருங்க, இன்னைக்கு வர்ற ஷூகேஸ் (கிட்டார் சத்தத்தை அலையா அடுக்கற பாணி) பேண்டு ஒவ்வொன்னுலயும் லவ்லெஸ் கேக்குது. பீ ஹியர் நவ் மாதிரி ஒரு ஆல்பம் பண்ணணும்னு எந்த பேண்டும் ஆசைப்பட்டு நான் கேள்விப்பட்டதில்ல.

இதை வச்சு அதிகமா வித்தா மட்டம், விக்காம போனா உசத்தின்னு நான் சொல்ல வரல. பிளர் பக்கத்துல அப்படிப் பேசற சில பேர் இருக்காங்க, அதுவும் சோம்பேறித்தனம்தான். வொண்டர்வால் வித்தது நல்லா இருந்ததாலதான். கிட்டாரோட ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கற கிளிப்) போட்டு, மோதிர விரலையும் சுண்டு விரலையும் கீழ இருக்கற ரெண்டு கம்பியில நகத்தாம வச்சுக்கிட்டு மத்த ரெண்டு விரலை மட்டும் மாத்தினா போதும், மொத்த சரணமும் வந்துடும். அந்த அசையாத ரெண்டு சுரத்தாலதான் கார்டு மாறினாலும் ஒரே ஏக்கம் விடாம தொடருது. புதுசா கிட்டார் வாங்கின பசங்க கைக்கு வசப்படற பாட்டு, அதே சமயம் கேக்க மலிவா இல்லாத பாட்டு, இந்த ரெண்டும் சேர்றது ரொம்ப அபூர்வம். முப்பது வருஷமா அது நிக்கறதுக்கு இதுதான் காரணம், ரெண்டாவது இடமோ முதல் இடமோ இல்ல. ஆனா அதே மார்னிங் குளோரி வித்ததுல பாட்டுக்கு சம்பந்தமில்லாத காரணமும் இருக்கு. தயாரிப்பாளர் ஓவன் மாரிஸ் அந்த ஆல்பத்தோட சத்தத்தை நசுக்கி நசுக்கி மேல ஏத்தினாரு, பப்ல, கார்ல, ஜூக்பாக்ஸ்ல அடுத்த பாட்டை விட நம்ம பாட்டு தூக்கலா கேட்டுச்சு. அது விற்பனைக்கு உதவுச்சு, நல்ல ஹெட்ஃபோன்ல கேட்டா காது களைச்சுப் போகுதுன்னும் சொல்லணும். தரத்தைக் குறைச்ச ஒரு விஷயம் விற்பனையைக் கூட்டினதுக்கு நம்ம கைலயே சாட்சி இருக்கு.

பிளர் பக்கம் வந்தா, திஸ் இஸ் எ லோ. பார்க்லைஃப்ல இருக்கு, சிங்கிளா வரவே இல்ல, அதனால சார்ட்ல அதுக்கு எந்த இடமும் இல்ல. பாஸிஸ்ட் அலெக்ஸ் ஜேம்ஸ் கொடுத்த ஒரு கைக்குட்டையில பிரிட்டனைச் சுத்தி இருக்கற கடல் பகுதிங்களோட மேப் இருந்துச்சாம், ரேடியோவுல கப்பல்காரங்களுக்கு வானிலை சொல்லும்போது வாசிக்கற அந்தப் பேருங்களை வச்சு டேமன் எழுதினாரு, நடுவுல காக்ஸனோட கிட்டார் வந்து சேருது பாருங்க, கடல் பொங்கற மாதிரி. நோயலை எனக்கு எவ்ளோ பிடிச்சாலும் காக்ஸன் வாசிக்கற மாதிரி அவரால வாசிக்க முடியாது, இதை ஒத்துக்கறதுல நமக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? 1997-ல ஒயாசிஸ் பழைய வழியிலயே இன்னும் பெரிசா போக, பிளர் தங்களுக்கு வித்துக் கொடுத்த பாணியையே தூக்கிப் போட்டுட்டு அமெரிக்க இண்டி பக்கம் போனாங்க, ரெண்டு நிமிஷப் பாட்டு சாங் 2 அதுல வந்ததுதான். 1999-ல 13 ஆல்பம், டேமனோட காதல் முறிஞ்ச வலி முழுக்க அதுல கொட்டிக் கிடக்கு.

இப்போ டிக்கெட் விஷயம், இதுல எனக்குக் கோவமே வருது. 2024 ஆகஸ்ட் 31, ரீயூனியன் டிக்கெட் விற்பனை. மணிக்கணக்கா ஆன்லைன் கியூல நின்ன ரசிகங்க கடைசியில உள்ள போனப்ப, சுமார் 150 பவுண்டுன்னு சொல்லியிருந்த நிக்கிற டிக்கெட்டு 350-க்கு மேல காட்டுச்சு. விலை விஷயத்தை பிரிட்டனோட போட்டிச் சந்தை ஆணையமே விசாரணைக்கு எடுத்துச்சு. அப்படி வசூலான பணத்தோட மொத்தத்தையும் நம்ம ஆளுங்க இப்போ பெருமையா பகிர்றாங்க, பிளர் 2023-ல வெம்ப்ளியில ரெண்டு ராத்திரிதான் பண்ணினாங்க, நாங்க எவ்ளோ பாருங்கன்னு. அந்த மொத்தம் ரசிகன் பாக்கெட்டுல இருந்து போனது. அதை பேண்டோட தரத்துக்குச் சான்றிதழா நாமளே ஒட்டிக்கறது எனக்கு வலிக்குது.

பேண்டு ஆளுங்க எப்பவோ சமாதானம் ஆயிட்டாங்க. 2013-ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல புற்றுநோய் வந்த இளம்பிள்ளைகளுக்காக நடந்த கச்சேரியில நோயல், டேமன், காக்ஸன், பால் வெல்லர் நாலு பேரும் ஒரே மேடையில சேர்ந்து பிளரோட டெண்டர் பாட்டை வாசிச்சாங்க. 2017-ல டேமனோட கொரில்லாஸ் பாட்டு ஒன்னுல நோயல் பாடினாரு. நாம சண்டையை நிறுத்தணும்னு நான் கேக்கல. சண்டை நல்லது, சண்டை போட்டுத்தான் நான் பாதிப் பாட்டைக் கண்டுபிடிச்சேன். ஆனா அடுத்த தடவை யாராவது பார்க்லைஃப்தான் உசத்தின்னு சொன்னா 2 கோடி கணக்கை எடுக்காதீங்க. ஸ்லைட் அவே பாட்டுல லியாம் கத்தற அந்தக் கத்தலைப் போட்டுக் காட்டுங்க. அக்வியெஸ்ஸைப் போடுங்க. பதிலுக்கு அவங்க திஸ் இஸ் எ லோ போட்டா முழுசா கேளுங்க.

என் பட்டியலையும் வச்சுட்டுப் போறேன், இதுல கை வைங்க. டெஃபனிட்லி மேபி பார்க்லைஃபை விட நல்ல ஆல்பம், பார்க்லைஃப்ல நாலஞ்சு பாட்டு வேஷம் கட்டின மாதிரி இருக்கு. மார்னிங் குளோரி த கிரேட் எஸ்கேப்பை விட நல்ல ஆல்பம், த யுனிவர்சல் ஒன்னு மட்டும் அதுல யார்கிட்டயும் தோக்காது. 1997-ல இருந்து எடுத்தா பிளர்தான், 13-க்குப் பக்கத்துல வைக்க ஒயாசிஸ்கிட்ட அதுக்கப்புறம் வந்த ஆல்பம் எதுவும் இல்ல. இல்லன்னு நினைக்கறவங்க பாட்டோட பேரைச் சொல்லி வாங்க, கேட்டுட்டு பதில் சொல்றேன்.

அன்புடன்,
உங்கள்ல ஒருத்தன்